எத்தனை மரம் எண்ணினீர்கள்

பொன்மனை பால் டிப்போவில்
ஆசிட் விட்டு, உறையவைத்து, அடுப்பில் உலர்த்தி
நூறு கிராம் பாலில் எத்தனை கிராம் ரப்பர் என்று
எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு.
தாவரவியல் முதுகலை, இரண்டாம் இடம்.
தகுதித் தேர்வில் மூன்று மதிப்பெண் குறைவு.
ஆகவே உதவித்தொகை என்னைத் தேடி வராது.

நாற்பத்தொரு பேராசிரியர்களுக்கு எழுதினேன்.
‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு…’
ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு.
ஒருமுறை அதையும் மாற்ற மறந்து
புவனேஸ்வர்க்காரரால் ஈர்க்கப்பட்டதைப்
பெங்களூர்க்காரருக்குச் சொல்லிவிட்டேன்.
பதில் வந்தவை நான்கு.
இடம் இல்லை.
இடம் உண்டு, பணம் இல்லை.
பணம் இருந்தது, போன மார்ச்சோடு தீர்ந்தது.
நான்காமவர் நாகர்கோவிலிலேயே இருந்தார்:
சேர்ந்துகொள், ரசாயனமெல்லாம் உன் செலவு,
கட்டணம் வருடத்துக்கு இவ்வளவு.
அந்த எண்ணை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

இடவப்பாதி பிடித்தது. பால்வெட்டு நின்றது.
சோதிக்கப் பாலில்லாமல் நானும்
வெட்ட மரமில்லாமல் அப்பாவும் வீட்டில்.
தோட்டத்தில் இலைகள் பச்சையாகவே விழுந்துகொண்டிருந்தன.
காம்பில் கறுத்த புண், புண்ணின் நடுவே
உறைந்த ஒரு சொட்டு வெள்ளை.
ஆறாம் வரிசையில் ஒரு மரம் மட்டும்
குடையை மடக்காமல் நின்றது.
எல்லாமே நூற்றைந்து. ஒரே தாயின் ஒட்டு.
பிறகு இதற்கு மட்டும் என்ன?

அன்றிரவு கரண்ட் இல்லை. பதினொரு சதவீத சார்ஜில்
அகர்தலாவுக்கு, சுதேஷ்ணா தேபர்மாவுக்கு,
ஈர்க்கப்படாமல் எழுதினேன்:
இங்கே இப்படி ஒரு மரம் நிற்கிறது.
காரணம் தெரியவில்லை.
தெரிந்துகொள்ளச் சம்பளம் கிடைக்குமா?
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி அனுப்பினேன்,
அங்கேதான் இரண்டு கோடு சிக்னல்.

மூன்றாம் நாள் பதில். ஒற்றை வரி.
‘எத்தனை மரம் எண்ணினீர்கள்?’

எண்ணியிருக்கவில்லை.
அட்டைக்கு உப்பும் சோப்பும் தேய்த்துக்கொண்டு இறங்கினேன்.
அப்பா ‘உண்டு’, ‘இல்ல’ என்று கூவிக்கொண்டே முன்னால் போக
பிளாஸ்டிக் உறைக்குள் கைவிட்டு நான் கோடு கிழித்தேன்.
ஆயிரத்து நூற்று இருபத்தாறு மரம். நான்கு நாள்.
இலை தாங்கியவை ஒன்றல்ல, ஒன்பது.
அதில் எட்டு ஓடைக்கரையில்,
ஈரம் கூடிய இடத்தில், பூஞ்சைக்கு விருந்தான இடத்தில்.
நான் யோசித்து வைத்திருந்த காரணம் அங்கேயே செத்தது.
அதையும் எழுதி அனுப்பினேன்.

இந்தமுறை நீண்ட பதில்.
திட்டத்தில் ஓர் இடம். மாதம் முப்பத்தேழாயிரம்,
மூன்று வருடம், வாடகைப்படி தனி.
நேர்காணல் இருபத்திரண்டாம் தேதி, நேரில்.
பயணப்படி கிடையாது. வேறு இருவரும் வருகிறார்கள்.

முதலாளி தங்கையனிடம் அட்வான்ஸ் கேட்டேன்.
கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
‘படிக்கியதுக்கு நாமல்லா பைசா கெட்டணும்,
ஒனக்கு அவிய தருவினுமா ஷைலினே?
அதும் எல விழாத்ததுக்கு?’
கிடைத்தால் தருவார்கள் என்றேன்.
பேரேட்டில் ஆறாயிரம் எழுதி
காரணம் என்ற கட்டத்தில்
சற்று யோசித்து, ‘மரம்’ என்று எழுதினார்.

குழித்துறையில் ரயில் பத்தேகாலுக்கு.
ஒன்பது மரத்தின் இலைகளும் செய்தித்தாளுக்குள், எண்ணிட்டு,
பெட்டி பூட்டியாயிற்று.
ஆறரைக்குத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா
நனைந்த தலையைத் துவட்டியபடி சொல்கிறார்,
‘பதினொண்ணாம் வரிசையில இன்னொண்ணு நிக்குது பிள்ளே,
நாம விட்டுட்டோம்.’

உப்பும் இல்லை சோப்பும் இல்லை,
நான் ஓடுகிறேன்.