உப்புத் தூவாத படி

டுலூத் நகரில் பிப்ரவரி. ஏரி இறுகிக் கிடக்கிறது.
நிலவறையில், துணி உலர்த்தும் எந்திரத்தின் பக்கத்தில்
லவோன் ஸ்கோக்லண்டின் மேசை, இரண்டு திரைகள்.
இன்றைக்கு இது இருபத்துமூன்றாவது கோப்பு.

ஆர்விட் கின்னுனென், வயது எழுபத்தொன்று,
தாதுக் கப்பல் துறையில் முப்பது வருடம்.
வீட்டு வாசற்படியில் விழுந்தார்.
மருத்துவர் எழுதியது இரண்டே சொல்:
மூளைக்குள் இரத்தக்கசிவு.

விழுந்ததால் கசிந்ததா,
கசிந்ததால் விழுந்தாரா?
முதலாவது என்றால் எஸ் வரிசை, காயங்களின் பக்கம்.
இரண்டாவது என்றால் ஐ அறுபத்தொன்று.
அதிலும் புள்ளிக்குப் பிறகு ஓர் எண் வேண்டும்:
ஆழத்திலா, மேற்பரப்பிலா, தண்டிலா, சிறுமூளையிலா.
தெரியாவிட்டால் ஒன்பது.
ஒன்பது போடுவது லவோனுக்குப் பிடிக்காது,
கதவைத் திறந்தும் உள்ளே யாரென்று பாராமல்
திரும்பி வருவது மாதிரி.

ஆம்புலன்ஸ்காரரின் குறிப்பு, காலை 7.12:
இடது கையிலிருந்து சாவி மூன்று முறை நழுவியதாம்.
மூன்றாவது முறை அவர் சிரித்தாராம்.
பிறகுதான் விழுந்தார் என்கிறார் மனைவி.

செவிலியின் குறிப்பு, 8.05:
பனியில் சறுக்கி விழுந்தவர்.
மனைவி திரும்பத் திரும்பச் சொல்வது,
'படியில் நான் உப்புத் தூவவில்லை.'

சாவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
ஆனால் சாவி சொன்னதை எண்ணாக்க
லவோனுக்கு அதிகாரமில்லை.
மருத்துவர்தான் சொல்ல வேண்டும்,
அவர் வாயில் சொல்லைத் திணிக்கவும் கூடாது.
கேள்வியைத் தட்டுகிறாள், அழிக்கிறாள், மீண்டும் தட்டுகிறாள்.
'தாங்கள் தெளிவுபடுத்தவும்.'
பிறகு துணி மடிக்கப் போகிறாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது:
தன்னிச்சையானது. வலப்பக்கம், ஆழத்தில்.
நெடுநாள் இரத்தக்கொதிப்பு.

தன்னிச்சை!
இரத்தத்துக்கு என்ன இச்சை?
இருபது வருடமாய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது,
அன்றைக்குச் சுவர் விட்டுக்கொடுத்தது.

ஐ அறுபத்தொன்று, புள்ளி, சுழியம்.
கொதிப்புக்கு ஐ பத்து.
பனிக்கட்டியின் பங்குக்கு மிஞ்சியது
நெற்றியில் ஒரு சிராய்ப்பு.
அதற்கும் எண் உண்டு, போட்டாயிற்று.

படி குற்றமற்றது என்று இப்போது
ஒரு மருத்துவருக்குத் தெரியும்,
காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியும்,
லவோனுக்குத் தெரியும்.
திருமதி கின்னுனெனுக்குச் சொல்லப்
படிவத்தில் கட்டம் இல்லை.
அவளுக்குப் போவது பில்.

லவோன் கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் இருந்தாள்.
உலர்த்தும் எந்திரம் கூவி நின்றது.

அடுத்த கோப்பு: பந்துருட்டும் கூடத்தில்
மணிக்கட்டு முறிவு.
இடதா வலதா, எழுதவில்லை.