தாமதத்துக்குக் காரணம்

மஞ்சக் காமாலைன்னு எழுதிக்கலாம்கறாரு புது வக்கீலு.
எல்லா மனுவுலயும் அதுதானாமுங்க.
தாராபுரம் கோர்ட்டுல தாமதமான அத்தனை பேருக்கும்
ஒருக்காவாச்சும் கண்ணு மஞ்சளாச்சாம்,
கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுப் படுத்துக் கிடந்தாங்களாம்.

எனக்குக் காமாலை வரலீங்க.

கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு
கொளிஞ்சிவலசு நாச்சாத்தாள்,
காலமான சின்னணன் சம்சாரம், வயசு ஐம்பத்தெட்டு,
சத்தியமாச் சொல்லிக்கிறது:

அன்னைக்கு நான் வந்திருந்தனுங்க.
சொசைட்டிக்குப் பாலை ஊத்திப்போட்டு
முதல் பஸ்ஸுக்கே வந்து
சைக்கிள் ஸ்டாண்டுத் தகர நிழல்ல நின்னுட்டிருந்தேன்.
பன்னெண்டு மணிக்கு அடிவயிறு முட்டுச்சு.
பெண்கள்னு எழுதியிருந்த கதவுல பூட்டு.
சாவி நாஜர்கிட்ட.
நாஜர் பேங்குக்குப் போயிருந்தாரு.
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தனுங்க.
அஞ்சு ரூபா. நூறு ரூபாத் தாளுக்குச் சில்லறையில்லைன்னு
அங்க சித்த நேரம்.
திரும்பி வாரதுக்குள்ள
டவாலி மூணு தரம் கூப்பிட்டு முடிச்சிட்டாராம்,
அதுவும் நாச்சியம்மாள் நாச்சியம்மாள்னு.
வாதி ஆஜரில்லை.
தள்ளுபடி.

இது எனக்கு அன்னைக்குத் தெரியாதுங்க.
வாய்தா போட்டாச்சு அம்மிணி, ஆடி போகட்டும்னாரு பழைய வக்கீலு.
ஆடி போச்சு.
புரட்டாசியில வாங்கன்னாரு, ஐநூறு குடுத்தேன்.
தைல வந்தேன். அப்புறம் கோடை லீவு.
வைகாசியில அவரே போய்ச் சேர்ந்துட்டாரு.
எழவுக்குப் போயி மாலையும் போட்டனுங்க.
அவரு மேசையைக் காலி பண்ணின பையன்
சணல் கயித்துல கட்டின கட்டை என்ற கையில குடுத்து
அக்கா, இது முடிஞ்சு போன கேசுன்னான்.

செத்தவர் மேல எழுத வேண்டாம்,
நம்ம பாருக்கு நல்லாயிருக்காதுன்னு சொல்றாரு புது வக்கீலு.
அதுக்குத்தான் காமாலை.

நானூத்திப் பதினேழு நாளு.
ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லோணுமாம்.
சொல்றனுங்க, எல்லா நாளுக்கும் ஒரே காரணந்தான்,
ஆனா நானூத்திப் பதினேழு தரம் நடந்தது.
நாலு மணிக்குக் கறவை. பத்து லிட்டர் கேன்.
எட்டடி இட்டேரி, ரெண்டு பக்கமும் கிலுவை,
சர்வே படத்துல புள்ளி புள்ளியா இன்னமும் போய்ட்டிருக்குது.
நெலத்துல பார்த்தா எதிர்வாதியோட கோழிப்பண்ணை.
கமிஷனர் டேப்போட வந்தாரு,
எளநி குடிச்சாரு, எளநி அவங்க தோட்டத்து எளநி.
அதனால நான் ஓடை சுத்தி ஒண்ணரை மைலு,
தலைமேல பாலு, இருட்டுக்குள்ள.
ஐப்பசியில ஓடை தண்ணி வந்து மூணு நாளு
பாலைக் கன்னுக்குட்டிக்கே விட்டேன்.
அந்த மூணையும் கணக்குல சேர்த்துக்கலாமுங்களா?

மனுவோட தலைப்புல
தாமதத்தை மன்னிக்கக் கோரின்னு இருக்குது.
வக்கீல் வாசிச்சப்ப சிரிப்பு வந்துருச்சு எனக்கு.
ஏனக்கா சிரிக்கறீங்கன்னாரு.
ஒண்ணுமில்லீங்கன்னேன்.
ஏழு வருசத்துல அம்பத்தாறு வாய்தா,
அதுல நீதிபதி லீவுன்னு பதினொண்ணு,
அந்தப் பதினொண்ணுக்கு
மன்னிக்கச் சொல்லி எங்கிட்ட
யாரும் மனுப் போடலீங்க.

சரி, எப்படியோ.
காமாலைன்னு எழுதின காகிதத்துல கைநாட்டு வைக்க மாட்டேன்னேன்.
வக்கீல் பேனாவை மூடிக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாரு.
அப்புறம், உங்க இஷ்டம், எழுதறேன், பூட்டைப் பத்தியே எழுதறேன்,
கோர்ட்டுக்குக் கோவம் வந்தா நான் பொறுப்பில்லைன்னாரு.
கையெழுத்தே போட்டனுங்க,
எழுத்து எழுத்தா, என்ற பேரை.

இன்னைக்கு மனு விசாரணை.
கதவோரமா நிக்கறேன், தகர நிழலுக்குப் போகலை.
காலையிலயே டவாலியைப் பார்த்து
ஏனுங்க, என்ற பேரை ஒருக்காச் சொல்லிப் பாருங்கன்னேன்.
நாச்சாத்தாள்னாரு.
இன்னொருக்கான்னேன்.
முறைச்சாரு, சொன்னாரு.

நேத்துப் பொழுதோட இருந்து
ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க.
இப்ப கூப்பிடற நெம்பரு பதினாலு.
என்றது முப்பத்தொம்பது.