நூறு டாக்காவுக்கு

அவர்களுடைய நாலு
நம் எட்டைப் போல இருக்கும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குழப்பத்தில்
முந்நூறு ரூபாய் என் சம்பளத்தில் போனது.
இப்போது பார்க்காமலே எழுதுவேன்,
பாபுராவ் தெருவில், லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே
ஆறடிக்கு நாலடிக் கடையின் பலகையில்:
நூறு டாக்காவுக்கு இத்தனை ரூபாய்.

டாக்கா என்றால் நமக்கு
ஊரும் அதுதான், காசும் அதுதான்.
வைத்தியத்துக்கு வந்தவர்கள்
ஊரையே நூறு நூறாக எண்ணி
கம்பிக்கு இந்தப் பக்கம் தள்ளுவதாகச்
சில நாள் தோன்றும்.
கூட்டம் இருந்தால் தோன்றாது.

பீரோவில் பதினாலு நோட்டு.
தேதி, எண், என் இனிஷியல்.
ஓரத்தில், 'கரண்ட் இல்லை 2 முதல் 4'.
'காட்பாடி வண்டி ஏழு மணி நேரம் லேட்.'
அந்த நாடு பிறந்த புதிதில்
ஒன்றுக்கு ஒன்று இருந்ததாம், முதலாளி சொல்வார்.
அதற்கு என்னிடம் நோட்டு இல்லை.

போன மே மாதம், நூற்றுப் பத்து டிகிரி,
ஒரே ராத்திரியில் எழுபத்தைந்து எழுபத்தொன்று ஆன மறுநாள்,
மொர்ஜினா வந்தாள்.
கையில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் அரைக்கிலோ,
கூட அவள் கணவனின் அண்ணன்.
கணவன் ஆஸ்பத்திரியில், சிறுநீரக வார்டில்.

மாமியாரின் வால்வு ஆபரேஷனுக்கு
அன்றைக்கு இவள் கணவன் கொடுத்தது
ஒரு லட்சம் டாக்கா.
'வாங்கியது டாக்கா, தருவதும் டாக்கா'
என்கிறான் அண்ணன், கட்டைக் கவுண்டரில் வைத்து.
'பில் கட்டியது ரூபாயில். அந்த ரூபாயைத் தாருங்கள்'
என்கிறாள் இவள்.
குரல் உயரவில்லை. பை மட்டும்
கை மாறி மாறிப் போனது.

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

2013, ஆகஸ்ட் இருபத்தைந்து.
துணி பைண்டிங் நோட்டு, கரப்பான் அரித்த முதுகு.
இருபத்துநாலு: எழுபத்தொன்பது.
இருபத்தாறு: எண்பத்தொன்று.
நடுவில் ஒரு காலி வரி.
ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை,
கடை இல்லாத நாளுக்கு விலை இல்லை.
காலி வரியில் பென்சிலால், என் கையெழுத்தில்,
'தணிகாசலத்துக்கு 400'.
எதற்கு, எந்தத் தணிகாசலம்,
யோசிக்க நேரமில்லை.

'எண்பது' என்றாள் மொர்ஜினா,
இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்து.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான்.
திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு
அம்மாவை உள்ளே கொண்டுபோக வேண்டும்,
அதற்குள் பணம் கட்டச் சொன்னார்கள்.
கடை எல்லாம் சாத்தியிருந்தது.
இதே படிக்கட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்,
எழுபத்தைந்து கொடுத்தான்.
'நான் தம்பியிடம் சொல்லவில்லை.
ஐயாயிரத்தைக் கேட்பானோ என்று.'

ஃபேன் சத்தம்.
அவள் விரல் அந்தக் காலி வரியிலேயே இருந்தது,
என் பென்சில் எழுத்தின் மேல்.

ஒரு லட்சத்தை எண்ணினேன்.
இரண்டு ஆயிரம் டாக்கா கிழிசல், ஒட்டியது, எடுத்துக்கொண்டேன்.
எழுபத்தோராயிரம் கொடுத்தேன்.
அவன் உள்பாக்கெட்டிலிருந்து
எட்டு ஐந்நூறுத் தாள்களை,
நம் தாள்கள்தான்,
ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்தான்.
அவள் எண்ணவில்லை.
கத்தரிக்காய்ப் பையில், காய்க்கு அடியில் போட்டு
முடிச்சுப் போட்டாள்.
முள் குத்தியிருக்கும். கையை உதறினாள்.

பன்னிரண்டே காலுக்கு முதலாளி போன்:
'எழுபதரை போடு.'
ஈரத்துணியைத் தேடினேன்.
அரை மணி முந்தி வந்ததில்
அவர்களுக்கு ஐந்நூறு மிச்சம்.
வெளியே, ரோட்டைத் தாண்ட,
ஆட்டோ நிற்காத வெயிலில்,
அவள் முன்னே, அவன் பின்னே
இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.