முதல் பந்தி

ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் நானூறு வாட்.
அதன் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில்,
பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினாறு ஆம்பியர்.
பெரிய எழுத்தை மட்டும் நம்பினேன்.

செவ்வாய் மாலை செந்தூலில் இடி.
கரண்ட் போய்த் திரும்பியதும்
ஃப்ளாட் முழுக்க விழித்துக்கொண்டது:
மேல்வீட்டு டிவி, கீழ்வீட்டு ரைஸ் குக்கர்.
என் பெட்டி மட்டும்
எழப் பார்த்தது, முனகியது, விழுந்தது.
மறுபடி எழப் பார்த்தது.
உள்ளே பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க்,
பதினான்கு வருடமாக நான் பிடித்த கல்யாணங்கள்.

ரவாங் சமையல்காரர் வீராசாமி
மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கவே மாட்டார்.
முதல் பந்திக்கு எத்தனை இலை?
அதை வைத்துத்தான் அடுப்பு மூட்டுவார்.
எனக்கு அது அன்று இரவுதான் உறைத்தது.

சுழல ஆரம்பித்துவிட்டால் டிஸ்க் சாது.
ஒன்றுக்கு ஆறு வாட் போதும்.
நின்றுகிடக்கும் தட்டு முதல் சுற்று சுற்றத்தான்
இரண்டு ஆம்பியர் கேட்கிறது.
அதையும் பன்னிரண்டும் ஒரே நொடியில் கேட்கின்றன,
தாலி ஏறியதும்
மொய்க்கவரை மறந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாய்கிற
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
ஒவ்வொருவராக உட்கார வைக்கும் வசதி
நான் செகண்ட் ஹேண்டில் எடுத்த போர்டில் இல்லை.

பார்க்கிங் ரசீதின் முதுகில் கணக்கு.
இருபத்துநாலு ஆம்பியர், இருநூற்று எண்பத்தெட்டு வாட்.
போர்டு, விசிறி எழுபது.
பதினாறு ஆம்பியரை வைத்துக்கொண்டு
இத்தனை நாள் எப்படி எழுந்தது?
நான் அணைத்ததே இல்லை, அதனால்.

லோ யாட்டில் ஹஃபிஸ் கேட்டான்,
"பெராப்பா டிஸ்க், போஸ்?"
பன்னிரண்டு என்றதும்
ஆயிரம் வாட் பெட்டியை இரண்டு கையாலும் இறக்கினான்.
ஓரமெல்லாம் வானவில் விளக்கு.
மைத்துனன் சுகுமாறனும் போனில் அதேதான்:
"பெருசா வாங்கிப் போடு மச்சான், நிம்மதி."
எழுந்து உட்கார்ந்தபின் என் வீட்டில் ஓடப்போவது
நூற்றுப்பத்து வாட்.
ஆயிரம் பேருக்கு வடிக்கிற அண்டாவில்
ஒரு டம்ளர் காப்பி வைத்தால் அண்டாதான் சூடாகும்.
தேனாகா பில் சுகுமாறன் பேரிலா வருகிறது?

ஐந்நூற்றைம்பது போதும் என்றேன்.
இந்த முறை சிறிய எழுத்தை முதலில் படித்தேன்.
நாற்பத்தைந்து ஆம்பியர்.
முந்நூற்று எண்பது வெள்ளி.
பிரிப்பு வயரில், வார்த்து ஒட்டிய மூன்று வெள்ளிச் சாமானை
ஹஃபிஸே பிடுங்கி வைத்தான்:
"இது எரியும், போஸ்."

ஏழாவது டிஸ்க்கில் காஜாங் யோகமலர்.
போன மாதம் கூப்பிட்டாள்.
"அண்ணே, அந்த வீடியோ இன்னும் இருக்கா?"
இருக்கும்மா, பென் டிரைவில் போட்டுத் தரவா?
அந்தப் பக்கம் ஒரு பஸ் போய் முடிந்தது.
"இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.
அழிக்காதே என்றாளா,
தராதே என்றாளா?
தெரியவில்லை.
அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வாட்,
இரவும் பகலும்.

பத்தரை மணிக்கு ஸ்விட்சைத் தட்டினேன்.
எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன.
அறைக்குள்ளிருந்து கோமதி, "மழையா?
துணி கொடியிலேயே கிடக்கு" என்றாள்.
இல்லை என்று சொல்லிவிட்டு
எதற்கும் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன்.

பவர் சப்ளைக்கு ஏழு வருட உத்தரவாதம்.
என் ஒப்பந்தத்தில், சிறிய எழுத்தில்,
படங்களை ஆறு மாதம்தான் வைத்திருப்பேன் என்று இருக்கிறது.
இதுவரை யாரும் அதைப் படித்ததில்லை.