காற்புள்ளி

ஓலெசுண்ட் துறைமுகம். ஜனவரி.
காலை ஒன்பதரைக்கும் தெருவிளக்கு அணையவில்லை.
மீன் ஏலப் பக்கம் திறக்க
நாற்பத்தொரு நொடி.
அதற்குள் தோர்கில்ஸ்
மூன்று முறை அழைத்துவிட்டார்:
"என் காட் மீன் கிலோ அஞ்சு குரோனரா?
வலையை வித்துட்டு வீட்டுக்குப் போயிரட்டுமா?"

ராக்ன்ஃப்ரிட் நிரலை மேலிருந்து வாசித்தாள்.
அறுபதாயிரம் வரி.
ஒவ்வொரு வரிக்கும் படகின் பெயரைத் தேட
கோப்பை மூடி, மறுபடி திறந்து,
பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்குகிறது.
எழுதின புண்ணியவான் யாரென்று பார்த்தாள்.
அவளேதான்.
மூன்று வருஷத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை.
அன்று கோப்பில் நாற்பது வரி.

பெயர்களை ஒரே தடவை படித்து
நினைவகத்தில் வைத்தாள்.
நாற்பத்தொன்று, ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இப்போது தவறும்
கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது:
கிலோ ஐந்து குரோனர்.

தோர்கில்ஸின் வரியை மட்டும் வெட்டி
வெறுந்திரையில் ஒட்டினாள்.
12,5 டன்.
அவர் ஊர் வழக்கப்படி அது சரி.
மற்றவர்கள் முழு டன்னில் எழுதுகிறவர்கள்.
காற்புள்ளி கண்ட இடமெல்லாம்
வெட்டுவதுதான் நிரலுக்குத் தெரியும்.
பன்னிரண்டு எடையில் நின்றுகொள்ள
ஐந்து,
கால் முளைத்த அந்தப் புள்ளியில் ஏறி
விலைக் கட்டத்துக்குள் இறங்கியிருந்தது.

தராசு அனுப்பும் கோப்பில்
பிரிகுறியை அரைப்புள்ளி ஆக்கினாள்.
கிலோ நாற்பத்தெட்டு.

அழைத்துச் சொன்னாள்.
மறுமுனையில் கடற்காகங்களின் கூச்சல்.
பிறகு அவர்:
"பக்கம் இவ்வளவு சீக்கிரம் வருதே,
ஏதாச்சும் உடைஞ்சு போச்சா?"