பதினெட்டாம் சுற்று

குந்துகால் கூண்டில் எட்டாம் எண் கொடுவா
நேற்றும் பாய்ந்து இரை எடுத்தது.
"சீக்கெல்லாம் இல்ல மேடம்," என்றாள் நம்புக்கனி,
"வாலடியப் பாருங்க."

பார்த்தேன். ஒரு செதில் உதிரவில்லை.
அறுத்தேன்.
கொண்டைக்கடலை அளவு மண்ணீரல்,
குப்பியில், ஐஸில்,
பாம்பன் பாலம் தாண்டி மண்டபத்துக்கு.

இரவு இரண்டு மணி.
திரையில் கோடு நிமிர்ந்தது
பதினெட்டாம் சுற்றிலேயே.
ஒரு செல் அடுத்த செல்லின் கதவைத் தட்டி
உள்ளே வந்துட்டான், எழுந்திரு
என்று எழுதிய சீட்டுகள்,
லட்சக்கணக்கில்.

அத்தனை கூச்சல் அதற்குள்.
வெளியே
வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது
எப்போதும்போல.

விடிந்ததும் போனில் சொன்னேன்.
"அறுத்ததுக்குக் காசு?" என்றாள்.
பிறகு, கூண்டில் அலை மோதும் சத்தத்துக்கு நடுவே,
"மிச்சமுள்ளதும் கத்துதா மேடம்,
இப்ப?"