விடுபட்ட சீர்

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும்
வெளியே மழையில் நிறுத்திவிட்டார்கள்.
அவை நின்ற இடத்தில்தான் மேடை.
தூரிங்கியக் காட்டோரம்
ஆறு மணியோடு பேருந்து ஓய்ந்துவிடும் சிற்றூர்.
வருடத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும்
இங்கே ஹெவி மெட்டல்.
நூற்று எழுபது பேர், அதற்குமேல் சுவர் தாங்காது.

வாசலில் மணிக்கட்டில் முத்திரை குத்துகிறாள் கெர்லிண்ட்.
தபால் நிலையத்தில் வேலை அவளுக்கு,
முத்திரையும் அங்கிருந்துதான்:
'உடையக்கூடியது. கவனம்.'

காதில் பஞ்சோடு
பட்டாணி சூப் ஊற்றுகிறார் மேயர்.
கிரேக்கக் குழுவுக்கு வேன் ஓட்டியவனே டிரம் அடித்தான்,
ஸ்டியரிங் பிடித்த கை இன்னும் வளைந்தபடி.
அடுத்த குழுவின் கிட்டார்க்காரன்
பெட்டியை விமானத்தில் தொலைத்துவிட்டு
யாருடைய தோல் ஜாக்கெட்டிலோ விலா நெரிய வாசித்தான்.

எக்கார்ட் எதற்கும் அசையவில்லை.
அவன் வந்தது மூன்றாவது குழுவுக்கு.

கென்ட் நகரத்து ஐவர்.
எண்பத்து நான்கில் ஒரே ஒரு ஒலிநாடா, இருநூறு பிரதி,
பிறகு கூரை வேயவும் பல் கட்டவும் போய்விட்டார்கள்.
இவனிடம் இருந்தது பிரதியின் பிரதிக்குப் பிரதி.
சுவர் இருந்த காலத்தில்
ஒரு ரயில் ஓட்டுநர் காலணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது.
மூன்றாம் பாட்டு, இரண்டாம் சரணத்தில்
இவன் வீட்டு டேப் ரெக்கார்டர்
அரை நொடியை மென்று தின்றது.

'குதிரைகள் திரும்பாத இரவில்
உனக்காக நான் ஏந்தி நிற்பது ஒரு —'

பிறகு டிரம்.

செல்லரித்த ஏட்டில் பதிப்பாசிரியர் புள்ளி வைப்பாரே,
அப்படி முப்பத்தெட்டு வருடம்
அந்த இடத்தில் தலையை ஆட்டிக் கடந்தான்.
பதினேழு வயதில், வாள்.
பீங்கான் ஆலை மூடிய குளிர்காலத்தில், தீப்பந்தம்.
ஹைட்ருன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போன வருடம்
அங்கே எதையும் வைக்கவில்லை.
மறுபதிப்பு வந்ததும் வாங்கினான்.
கண்ணாடித்தாளைப் பிரிக்கவில்லை.

இன்று பாடகர் லீவன்
இடுப்புக்கு எட்டாத ஆணி பெல்ட்டைத்
தோளில் பூணூல்போல் போட்டுக்கொண்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.
முதல் பாட்டு. இரண்டாவது.
அந்தக் குரல், அடடா,
வயிறு பெருத்ததே தவிர அது மெலியவில்லை.
மூன்றாவது.
முதல் சரணத்தை எக்கார்ட் சத்தமாகப் பாடினான்,
இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டான்.
குதிரைகள். இரவு. உனக்காக.
ஏந்தி நிற்பது ஒரு

சைரன்.

கூரைமேல், ஊருக்கே கேட்கும் நிஜச் சைரன்.
மேயர் கரண்டியை எறிந்தார்.
ஒலிப்பலகையில் நின்றவன், பீர் ஊற்றியவன்,
ஒட்டுத்துணி தைத்த சட்டைகளில் பதினொரு பேர்
ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.
வண்டிகள் போன பிறகு
மேடையில் ஐந்து பேர், எதிரே நாம், நடுவே மழைச்சத்தம்.

'அந்தச் சொல் என்ன?' என்று கத்தினான் எக்கார்ட்.
'எந்தச் சொல்?'
சொன்னான். மேடை விளிம்பில் கையூன்றி, நாடாவையும் சேர்த்துச் சொன்னான்.
லீவன் யோசித்தார்.
டிரம்மரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.
'அந்த வயதில் எழுதியது. எனக்கே மறந்துவிட்டது.
ஒவ்வொரு முறையும் வாயில் வந்ததைப் பாடுவேன்.
இப்போது பாடியது சைரனில் எனக்கும் கேட்கவில்லை.'

யாரோ சிரித்தார்கள். எக்கார்ட் சிரிக்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து
வைக்கோல் புகை மணக்கத் திரும்பினார்கள்.
ஒரு கொட்டகை. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை.
ஈர மணிக்கட்டுகளில் கெர்லிண்ட் மறுபடி முத்திரை குத்தினாள்,
விதி விதிதான் என்றாள்.

மூன்றாம் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள்.
அந்த அடி வந்தது.
லீவன் எக்கார்டைப் பார்த்தபடி
'ஒரு' என்று சொல்லி
மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
கிட்டார்கள் நின்றன. பாஸும் நின்றது.
அரை நொடி.
நூற்று எழுபது பேரின் நடுவே
அவன் தலை மட்டும் அசைந்தது.

பிறகு டிரம்.

சூப் ஆறிப்போயிருந்தது.
மேயர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்,
புகை படிந்த கையோடு,
தீப்பெட்டி கேட்டுக்கொண்டே.